உப்புவெளியில் இரவுக் காவல்: மூன்று வழிகளும் அவற்றின் பொறுப்பும்

பங்குனி கழிந்து கடல் அடங்கியதும் திருகோணமலையை அடுத்த உப்புவெளியில் சுற்றுலாச் சீசன் தொடங்கிவிடும். அன்றிலிருந்து புரட்டாதி வரையான ஏறத்தாழ ஆறு மாதத்தில், அலஸ்தோட்டத்துக் கடற்கரையை ஒட்டியிருக்கும் விடுதிகளும் உணவகங்களும் வாடைக்காலத்துக்கும் சேர்த்தே உழைத்தாக வேண்டும். பொழுது சாய்ந்ததும் மேசைகள் மணலுக்கு இறங்கும். மீன் சுடும் அடுப்பு மூட்டப்படும். உத்தரவுப்பத்திரம் உள்ள இடங்களில் பியரும் சாராயமும் பரிமாறப்படும். என் அக்காவின் குடும்பம் அங்கே 14 அறைகள் கொண்ட விடுதியொன்றையும், அதன் முன்னால் கடலைப் பார்த்தபடி ஓர் உணவகத்தையும் நடத்துகிறது. கணக்கும் கடிதப் போக்குவரத்தும் என்னுடைய வேலை என்பதால், இந்த முறை இரவுக் காவலை என்ன செய்வது என்று அத்தான் கேட்டபோது, விடை தேடும் வேலையும் என்னிடமே வந்து சேர்ந்தது. அயலில் உள்ள உரிமையாளர்களுக்கும் இதே கேள்வி இருப்பதால், தேடிக் கண்டதை இங்கே எழுதி வைக்கிறேன்.

முன்னால் இருக்கும் வழிகள் மூன்று. சொந்த ஊழியரைப் பழக்கி அவர்களையே இரவுப் பொறுப்பில் வைக்கலாம். தனியார் பாதுகாப்பு நிறுவனமொன்றுக்கு ஒப்பந்தமாகக் கொடுக்கலாம். அல்லது கடற்கரையில் அடுத்தடுத்து இருக்கும் ஏழெட்டு இடங்கள் சேர்ந்து பொதுவான ஏற்பாடொன்றைச் செய்துகொள்ளலாம். பேச்சு எழும்போதெல்லாம் இவை செலவை வைத்தே ஒப்பிடப்படுகின்றன. செலவு முக்கியந்தான். ஆனால் ஆபத்து எந்த இடத்தில் நேர்கிறது, நேர்ந்தபின் சட்டம் யாரைத் தேடி வரும் என்ற இரண்டும் தெரியாமல் காசை மட்டும் கூட்டிக் கழிப்பதில் பயன் இல்லை.

இரவுக் கேளிக்கை என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது அடிதடி. உப்புவெளியில் அது அரிது. நான் அஞ்சுவது முதலில் கடலுக்கு. சோளகக் காலத்தில் பகலெல்லாம் குளம்போல் கிடக்கிறதே என்ற துணிவில், இரவு பதினொரு மணிக்கு மூன்று போத்தல் பியருக்குப் பின் நீரில் இறங்கும் ஒருவரைக் கரையில் நிற்பவரால் சிறிது தூரத்துக்கு அப்பால் காணவே முடியாது. அடுத்தது நிலாவெளி வீதி: வாடகை மோட்டார் சைக்கிளில் வந்தவர் அதிலேயே திரும்புகிறார், பகற்சூடு ஆறாத தாரில் மாடுகள் படுத்திருக்கின்றன, இரத்தத்தில் 100 மில்லிலீற்றருக்கு 80 மில்லிகிராம் என்ற எல்லையைத் தாண்டிவிட்டதை அவரும் அறியார், அவரை வழியனுப்பியவரும் அறியார். கடற்கரைக்கும் வீதிக்கும் இடையிலுள்ள ஒழுங்கைகள் இருளானவை. அறைக்குத் தனியே திரும்பும் ஒரு பெண்ணை யாரேனும் பின்தொடர்ந்தால் அது எவர் கண்ணிலும் படாது. பிறகு உடைந்த போத்தல்கள். கரைவலை இழுப்பவர்கள் விடியப்புறத்தில் வெறுங்காலோடு மணலில் நிற்பவர்கள். சில சீசன்களுக்கு முன் ஒருவருடைய குதிகாலில் கண்ணாடி ஏறியபோது, அது எந்தக் கடைப் போத்தல் என்று எவராலும் சொல்ல முடியவில்லை. வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டி எல்லாக் கடைக்காரரையும் ஒன்றாக நிறுத்தி ஏசிவிட்டுப் போனார். அவர் ஏசியதில் நியாயம் இருந்தது. இறுதியாகத் தீ: கிடுகுக் கூரையின் கீழ் எண்ணெய் விளக்கும் கரியடுப்பும் வைத்திருக்கும் எவருக்கும் அதை விளக்க வேண்டியதில்லை.

இவற்றுள் தீ ஒன்றுதான் வேலிக்கு உள்ளே நேர்வது. மற்ற நான்கும் வேலிக்கு வெளியே, ஒருபுறம் கடலுக்கும் மறுபுறம் வீதிக்கும் இடைப்பட்ட சில நூறு மீற்றருக்குள் நேர்கின்றன. நாம் காசு கொடுத்து நிறுத்தும் காவலோ பெரும்பாலும் வேலிக்கு உள்ளேயே நிற்கிறது. மூன்று வழிகளையும் நான் எடைபோடுவது இந்த ஒரு முரணை வைத்தே.

சட்டத்தின் நிலையைச் சொல்லிவிட்டு வழிகளுக்கு வருகிறேன். இலங்கையில் இத்தகைய நட்டஈட்டு வழக்குகளுக்கு அடிப்படை உரோம-டச்சுச் சட்டம். முன்கூட்டியே எண்ணிப் பார்த்திருக்கக்கூடிய ஒரு தீங்கைத் தவிர்ப்பதற்கு நியாயமான ஒருவர் எடுத்திருக்கும் நடவடிக்கையை நீங்கள் எடுத்தீர்களா என்பதே அங்கு கேட்கப்படும். ஊழியர் தம் வேலையின்போது இழைக்கும் தவறுக்கு முதலாளி பொறுப்பாளியாவார். அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில், வெறி தலைக்கேறியவருக்கு மேலும் ஊற்றிக்கொடுத்த கடைக்காரர் அவரால் பிறருக்கு விளைந்த தீங்குக்கும் பதில் சொல்ல வேண்டும் என்று தனிச் சட்டமே உண்டு. இங்கே பொதுவான கவனயீனக் கோட்பாடே அளவுகோல் என்றாலும், தள்ளாடியவரிடம் மோட்டார் சைக்கிள் திறப்பை எடுத்துக் கொடுத்த ஊழியரின் செயலை அந்த அளவுகோல் கண்டுகொள்ளாமல் விடும் என்று எண்ணுவதற்கில்லை. நட்டஈட்டு வழக்கைத் தொடர்வதற்கு 1871ஆம் ஆண்டின் காலவிதிப்புக் கட்டளைச் சட்டம் இரண்டு ஆண்டு அவகாசம் தருகிறது. ஆகவே, அன்றிரவு என்ன நடந்தது என்று எழுதிய பதிவுப் புத்தகத்தைச் சீசன் முடிந்ததும் பழைய பேப்பர்காரரிடம் போடுவது அறிவீனம். கமராப் பதிவும் அப்படியே. வட்டு நிரம்பியதும் பழையது அழிந்துபோகும், எனவே சம்பவம் நடந்த அன்றே வேறாகப் பிரதியெடுத்து வைக்க வேண்டும்.

பலர் நம்பியிருக்கும் ஒரு பலகையைப் பற்றியும் சொல்ல வேண்டும். ‘கடலில் குளிப்போர் தம் சொந்தப் பொறுப்பிலேயே குளிக்கின்றனர், நிர்வாகம் பொறுப்பேற்காது’ என்று மூன்று மொழிகளிலும் எழுதி மாட்டிவிட்டால் தப்பிவிடலாம் என்பது நம் கடற்கரையின் பொது நம்பிக்கை. கவனயீனத்தால் விளைந்த மரணத்துக்கும் உடற்காயத்துக்குமான பொறுப்பை அறிவித்தல் ஒன்றினால் விலக்கிக்கொள்ள முடியாது என்று 1997ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க நியாயமற்ற ஒப்பந்த நியதிகள் சட்டம் சொல்கிறது. பலகை வீண் என்பதல்ல. இரவில் கடல் ஆபத்தானது என்று எச்சரித்ததற்குச் சான்றாக அது நிற்கும். பொறுப்பைத் துடைக்கும் துணியாக அது உதவாது.

உத்தரவுப்பத்திரத்தோடு வரும் கடமைகளும் எந்த வழியைத் தெரிந்தாலும் கைமாறுவதில்லை. 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தின்படி 21 வயதுக்குக் குறைந்தவருக்கு மதுபானம் விற்கக்கூடாது. பௌர்ணமி தினங்களில் விற்பனையே கூடாது. இரவு 10 மணிக்கும் காலை 6 மணிக்கும் இடையில் ஒலிபெருக்கிக்கு அனுமதி வழங்குவதை 2007இல் உயர் நீதிமன்றம் கட்டுப்படுத்தியது. பௌர்ணமியன்று தேநீர்க் கேத்தலில் பியர் வரும் சாமர்த்தியத்தை இந்தத் தீவின் கடற்கரைகள் எல்லாம் அறியும். அந்தக் கேத்தலைக் குடித்தவர் அன்றிரவு கடலில் இறங்கினால், உரிமையாளரின் பக்கத்தில் நின்று பேசுவதற்கு வழக்கறிஞருக்கும் ஒன்றும் இராது, காப்புறுதி நிறுவனத்துக்கும் மனம் இராது.

முதல் வழியின் பலம், சொந்த ஊழியர் காவலராக இருப்பதற்கு முன்பே பரிமாறுபவராக இருக்கிறார் என்பதில் உள்ளது. எத்தனையாவது போத்தல், எந்த அறை, யாரோடு வந்தார், வண்டியில் வந்தாரா என்பதெல்லாம் வாயிற்காவலருக்குத் தெரியாது. மேசைக்குச் செல்பவருக்குத் தெரியும். நான்காவது போத்தலுக்குப் பதிலாகத் தண்ணீரும் ஒரு தட்டுச் சோறும் வைப்பது, பிறகு வாயிலில் எத்தனை பேரை நிறுத்துவதைவிடவும் மலிவான பாதுகாப்பு. எங்கள் பொடியன்களில் பாதிப்பேர் கடற்றொழில் வீடுகளிலிருந்து வருபவர்கள். நீரோட்டம் மாறியதைக் கண்ணால் பார்த்தே சொல்வார்கள். பெண் விருந்தினர் ஒருவர் தொல்லைக்கு உள்ளாகும்போது, சத்தமின்றி உதவி கேட்பதற்கு ஒரு குறிச்சொல்லை வைத்துக்கொள்ளும் முறை 2016இல் இங்கிலாந்தின் லிங்கன்சயர் பகுதியில் ‘அஞ்சலாவைக் கேளுங்கள்’ என்ற பெயரில் தொடங்கிப் பல நாடுகளுக்குப் பரவியது. குளியலறைக் கதவின் உட்புறம் ஒரு சிறு தாளும், அதைக் கேட்டதும் என்ன செய்வதென்று தெரிந்த ஒரு பணிப்பெண்ணும் இருந்தால் அதை நாமும் நடத்தலாம். வெளியாளைக் கொண்டு நடத்துவது கடினம்.

பலவீனங்களும் அதே நெருக்கத்திலிருந்துதான் வருகின்றன. விருந்தினர் தரும் டிப்ஸை நம்பியிருப்பவர் ‘இனி ஊற்ற மாட்டேன்’ என்று சொல்லத் தயங்குவார். ஊர்ப் பொடியன் ஒருவன் வெறியில் நின்றால், நாளைக் காலை அவனுடைய தகப்பனாரிடம் மீன் வாங்க வேண்டியவர் இவர். அதிகாலை ஐந்து மணிக்குச் சமையலறையைத் திறந்தவரை நள்ளிரவு ஒரு மணிக்குக் கடலைப் பார்த்துக்கொள் என்று நிறுத்துவது காவல் ஆகாது; வழக்கொன்று வந்தால் அந்த வேலைநேர அட்டவணையே நமக்கு எதிரான சாட்சியாகும். செலவும் சம்பளத்தோடு நிற்பதில்லை: ஊழியர் சேமலாப நிதிக்கு முதலாளியின் பங்கு 12 வீதம், ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு 3 வீதம் என்று 15 வீதம் மேலே ஏறும். அவருக்கே காயம் நேர்ந்தால் 1934ஆம் ஆண்டின் வேலையாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டமும் உண்டு. ஆயினும் இந்தக் குறைகள் எல்லாம் உரிமையாளரால் திருத்தக்கூடியவை: முறைமாற்றம், டிப்ஸைப் பொதுப்பெட்டியில் சேர்ப்பது, மறுக்கும் பொறுப்பை மேலாளர் ஒருவரிடம் கொடுப்பது.

இரண்டாவது வழி கண்ணுக்கு ஒழுங்காகத் தெரியும் வழி. சீருடை, முறைப்படி ஒப்பந்தம், மாதம் ஒரு பற்றுச்சீட்டு. 1998ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தனியார் பாதுகாப்பு முகவர் நிலையச் சட்டத்தின் கீழ் நிறுவனம் பதிவு செய்யப்பட்டிருக்கிறதா என்பதை ஒப்பந்தத்துக்கு முன்பே பார்த்துவிட வேண்டும். பார்க்காமல் அமர்த்தியது பிறகு நம்முடைய கவனயீனமாகவே எண்ணப்படும். சீருடைக்குத் தனி அதிகாரம் எதுவும் இல்லை என்பதும் பலருக்குத் தெரிவதில்லை. 1979ஆம் ஆண்டின் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை தனிமனிதர் எவருக்கும் தருகின்ற, தன் கண்முன் பாரதூரமான குற்றம் செய்தவரைப் பிடித்துத் தாமதமின்றிப் பொலிஸாரிடம் ஒப்படைக்கும் உரிமையே காவலருக்கும் உண்டு. அறையில் பூட்டி வைப்பதற்கோ கடவுச்சீட்டைப் பறித்து வைப்பதற்கோ அது இடம் தராது.

இந்த வழியைத் தெரிபவர்கள் மனத்துள் வைத்திருக்கும் கணக்கு, ஒப்பந்தக்காரரின் தவறுக்கு ஒப்பந்தக்காரரே பொறுப்பு என்பது. பொதுவிதி அப்படித்தான் தொடங்குகிறது. ஆனால் ‘இவரை உள்ளே விடு, அவரை நிறுத்து, பில் கட்டாமல் ஒருவரையும் வெளியே விடாதே’ என்று ஒவ்வோர் இரவும் கட்டளையிடுபவர் நாமாக இருக்கும்போது, அவரை நம் ஊழியரிலிருந்து பிரித்துக் காட்டுவது எளிதல்ல. வளாகத்தைப் பாதுகாப்பாக வைத்திருக்கும் நம்முடைய சொந்தக் கடமை ஒப்பந்தத்தோடு போய்விடுவதும் இல்லை. கடைசியாகச் சொன்ன கட்டளை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்குப் பிரேசிலின் சாந்தா மரியா நகரில் 2013 சனவரி 27ஆம் திகதி எரிந்த கிஸ் என்னும் இரவு விடுதி சாட்சி. மேடை வாணம் கூரையின் ஒலித்தடுப்பு நுரையில் பற்றியது. உயிரிழந்தவர்கள் 242 பேர். சனம் பணம் கட்டாமல் ஓடுவதாக எண்ணிய காவலர்கள் தொடக்கத்தில் கதவை மறித்தார்கள் என்று உயிர்தப்பியோர் கூறினர். கெட்டவர்கள் என்பதால் அல்ல, அந்த ஒரு வேலை மட்டுமே சொல்லிக்கொடுக்கப்பட்டிருந்ததால் மறித்திருக்கிறார்கள் என்றே நான் விளங்கிக்கொள்கிறேன்.

எங்கள் அனுபவம் அவ்வளவு பெரியதல்ல. ஒரு சீசன் முழுவதும் நிறுவனமொன்றின் காவலர் இருவரை வைத்திருந்தோம். மரியாதையானவர்கள், நேரம் தவறாதவர்கள். வீதிப்பக்க வாயிலில் கதிரை போட்டு அமர்ந்திருந்தார்கள். கடல் அவர்களுக்கு முதுகுப்புறம். ஒருநாள் விருந்தினர் ஒருவர் நீரில் வெகுதூரம் போய்விட்டார் என்று கூக்குரல் எழுந்தபோது இருவரும் ஓடி வந்தார்கள், இருவருக்கும் நீந்தத் தெரியாது. பக்கத்து வாடியில் படுத்திருந்தவர் எழுந்து போய்த்தான் அவரைக் கூட்டி வந்தார். ஒப்பந்தத்தைத் திரும்ப எடுத்துப் படித்தேன். ‘கடல்’ என்ற சொல்லே அதில் இல்லை. எழுதாமல் விட்டது நிறுவனத்தின் தவறு மட்டுமல்ல, கையெழுத்திட்ட என்னுடையதுந்தான்.

மூன்றாவது வழியைப் பற்றி அதிகம் பேச வேண்டியிருக்கிறது, ஏனெனில் வேலிக்கு வெளியே உள்ள அந்தச் சில நூறு மீற்றரைத் தொடுவது அது ஒன்றே. அமெரிக்காவில் ஒகாயோ மாநிலம் 2015இலும், மிச்சிகன் 2020இலும், வட கரோலினா 2021இலும் குறித்த தெருக்களைப் பொது அருந்துதல் வட்டாரமாக அறிவிக்கச் சட்டம் செய்தன. ஒரு கடையில் வாங்கிய பானத்தை எல்லை குறிக்கப்பட்ட அந்தத் தெருவுக்குள் கையில் வைத்துக்கொண்டு உலாவலாம். மிச்சிகன் சட்டத்தில் என்னைக் கவர்ந்தது உலாவும் உரிமையல்ல, அதன் கோப்பை. கண்ணாடி கூடாது, 16 அவுன்சுக்கு, அதாவது அரை லீற்றருக்குச் சற்றுக் குறைவான அளவுக்கு, மேல் கொள்ளக்கூடாது, விற்ற கடையின் சின்னமும் வட்டாரத்தின் சின்னமும் அதன்மேல் இருக்க வேண்டும். தெருவில் கிடக்கும் ஒரு வெற்றுக்கோப்பை எந்தக் கடையிலிருந்து வந்தது என்று எவரும் சொல்லிவிடலாம். சம்மாட்டி ஏசிய அந்தக் காலையில் எங்களிடம் இல்லாதிருந்தது அதுதான்.

அந்த ஏற்பாட்டை அப்படியே பெயர்த்து நட முடியாது. நம்முடைய உத்தரவுப்பத்திரம் குறித்த வளாகத்துக்கே உரியது. மணல் எவருடைய வளாகமும் அல்ல. கரையோரத்தில் நிலையான விளக்குக் கம்பம் நடுவதற்கும், உயர்நீர் மட்டத்திலிருந்து நிலப்பக்கம் 300 மீற்றருக்குள் நடப்பவற்றை ஆளும் 1981ஆம் ஆண்டின் கரையோரப் பாதுகாப்புச் சட்டத்தைப் பார்க்க வேண்டும். உப்புவெளி பட்டினமும் சூழலும் பிரதேச சபைக்கும், நிலாவெளி குச்சவெளிப் பிரதேச சபைக்கும் உரியவை என்பதால், இரண்டையும் ஒரே ஏற்பாட்டில் கட்ட முயல்வது வீண் அலைச்சல். ஆனால் மது உலாவும் உரிமையை விட்டுவிட்டு மற்றவற்றை எடுத்துக்கொள்ளலாம்: மணலுக்கு இறங்கும் மேசைகளில் கண்ணாடி இல்லை, கடைச்சின்னம் உள்ள கோப்பை, காணிக்குள்ளிருந்து ஒழுங்கையை நோக்கும் விளக்கு, இரவு ஒன்பது மணியிலிருந்து இரண்டு மணிவரை டோர்ச், ஊதல், கயிறு, உயிர்காப்பு வளையம் ஆகியவற்றோடு கடற்கரையில் நடக்கும் இருவர். அந்த இருவரும் நீந்தத் தெரிந்த, வலைத்தொழில் வீட்டவராக இருப்பது நல்லது. சீசன் இரவுகளில் அவர்களுக்கு அது ஒரு வருமானமும் ஆகும். பொலிஸுக்கு 119, அம்புலன்சுக்கு 1990, சுற்றுலாப் பயணிகளுக்கான 1912 ஆகிய எண்களும், நம்பத்தகுந்த ஆட்டோ ஓட்டுநர் நால்வரின் எண்களும் எல்லா மேசைகளிலும் ஒரேபோல இருக்க வேண்டும்.

இந்த வழியின் ஆபத்து வேறு வகையானது. எல்லோருக்கும் உரிய வேலை ஒருவருக்கும் உரியதாகாமல் போய்விடலாம். 2022 ஒக்ரோபர் 29ஆம் திகதி சியோல் நகரின் இத்தேவோனில், நான்கு மீற்றர் அகலமும் இல்லாத சரிவான ஒழுங்கையொன்றில் நெரிசலில் சிக்கி 159 பேர் உயிரிழந்தனர். சுற்றியிருந்த மதுச்சாலைகள் ஒவ்வொன்றும் தத்தம் கதவுக்குள் ஒழுங்காக இயங்கியிருக்கலாம். அந்தக் கூட்டத்துக்கு ஏற்பாட்டாளர் என்று ஒருவர் இருக்கவில்லை என்பதே பின்னர் பெரும் விவாதமானது. இங்கே அத்தகைய சனத்திரள் இல்லை. ஆளில்லாப் பொறுப்பு என்ற குறை மட்டும் அச்சொட்டாக உண்டு. ஆகவே கூட்டு ஏற்பாடென்றால், இன்றிரவு பொறுப்பாளர் இன்னார் என்று பெயர் எழுதிய தாள் ஒவ்வோர் இடத்திலும் தொங்க வேண்டும். மேலும், ரோந்து செல்வதாக ஒருமுறை ஏற்றுக்கொண்டபின், மழையென்று ஓர் இரவு செல்லாமல் விட்டால், ஏற்றுக்கொண்ட கடமையைத் தவறவிட்டோம் என்ற குற்றச்சாட்டு எழும். தனியே இருந்திருந்தால் வராத பொறுப்பு, சேர்ந்ததால் வருவது இது. ஒப்பந்தத்தில் யார் எவ்வளவு, எந்த நேரம், எந்த எல்லை என்று எழுதாமல் கைகுலுக்கிப் பிரிவதற்கு இது சிரமதானம் அல்ல.

காப்புறுதி இம்மூன்றுக்கும் மாற்றாகாது, எதனோடும் சேர வேண்டியது. பொதுப் பொறுப்புக் காப்புறுதி வழக்கமாகக் காப்புறுதி செய்த வளாகத்தோடு நின்றுவிடும். மணலில் போட்ட மேசையும் கூட்டு ரோந்தும் உள்ளடங்குமா என்று எழுத்தில் கேட்டு, எழுத்திலேயே பதில் பெற வேண்டும். வாய்மொழியாக ‘அதெல்லாம் வரும்’ என்று முகவர் சொன்னதை நம்பி இருந்துவிடக்கூடாது.

என் தெரிவு இதுதான். வேலிக்குள் சொந்த ஊழியர். வேலிக்கு வெளியே கூட்டு ஏற்பாடு. பாடசாலை விடுமுறை, நீண்ட வார இறுதி போன்ற சனம் பெருகும் இரவுகளுக்கு மட்டும் பதிவு பெற்ற நிறுவனத்தின் காவலர், அதுவும் வீதிப்பக்க வாயிலுக்கும் வாகனத் தரிப்பிடத்துக்கும். கண்ணாடித் தடையை மற்ற எதற்கும் காத்திராமல் முதலில் தொடங்கலாம். 30 அறைகளுக்கு மேல் உள்ள, சுற்றுமதில் எழுப்பிய பெரிய ஹோட்டல்களுக்கு இந்தக் கணக்குப் பொருந்தாது. அவர்களுக்கு இரண்டாவது வழியே முதன்மையாக இருக்கலாம், ஏனெனில் அவர்களுடைய விருந்தினர் இரவில் வெளியே வருவது குறைவு. மது பரிமாறாத சிறு விடுதிகளுக்கும் முழுப்பங்கு கேட்பது நியாயமில்லை. அறை எண்ணிக்கையைவிட, மணலுக்கு இறக்கும் மேசைகளின் எண்ணிக்கையை வைத்துப் பங்கு பிரிப்பதே பொருத்தம் என்று முன்வைத்திருக்கிறேன்; ஆபத்தைக் கூட்டுவது கட்டில் அல்ல, மேசை.

அயலில் கேட்ட ஏழு இடங்களில் ஐந்து சம்மதித்துவிட்டன. மற்ற இரண்டும் காசு கொடுக்காமலே வெளிச்சத்தையும் ரோந்தையும் பெற்றுவிடும் என்பது அத்தானின் மனத்தாங்கல். அவை இரண்டும் வரிசையின் நடுவில் இருப்பதால், அந்தத் துண்டை மட்டும் இருட்டாக விட்டுக் கடந்து போகச் சொல்லவும் முடியாது. அவற்றின் முன்னாலுள்ள மணலையும் சேர்த்தே நடக்கும்படி ரோந்துக்காரரிடம் சொல்லப்போகிறோம். பங்குப் பணத்தைச் சீசன் சூடுபிடித்தபின் ஆனி மாதத்தில் மீண்டும் கேட்பதாக இருக்கிறேன்.